சுகம் கிடைக்காத நாளின் விசுவாசம்

திருநெல்வேலி மாவட்டத்தில், களக்காட்டுக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் டோனாவூர். அயர்லாந்தின் வடபகுதியில் 1867இல் பிறந்து, 1895இல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1901 முதல் இவ்வூரையே தம் இல்லமாகக் கொண்டார். கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்படும் ஆபத்தில் இருந்த சிறுமியரையும், ஆதரவற்ற குழந்தைகளையும் ஏற்று வளர்த்தார். அக்குழந்தைகள் அவரை ‘அம்மா’ என்றே அழைத்தனர். 1931 அக்டோபரில் ஒரு நாள் அந்திப்பொழுதில், மருத்துவப் பணிக்காகக் களக்காட்டில் எடுக்கப்பட்டிருந்த வீட்டைப் பார்வையிடச் சென்ற அவர், அங்கு வெட்டப்பட்டிருந்த குழியொன்றில் தவறி விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. விரைவில் எழுந்து நடமாடுவார் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. ஒன்றன்பின் ஒன்றாக வேறு நோய்களும் சேர்ந்துகொண்டன. 1951 ஜனவரியில், 83ஆம் வயதில் மறையும்வரை, ஏறத்தாழ 20 ஆண்டுகளை அவர் பெரும்பாலும் தம் அறைக்குள், படுக்கையிலேயே கழித்தார்.

பணத்துக்காக எவரிடமும் கையேந்துவதில்லை, தேவைகளை இறைவனிடம் மட்டுமே தெரிவிப்பது என்பது அவருடைய வாழ்நாள் கொள்கை. இறைவன் பராமரிப்பார் என்பதில் அவ்வளவு உறுதி கொண்டிருந்தவர் அவர். அவருடைய சுகத்துக்காக அவரும் அவரைச் சூழ்ந்திருந்தோரும் செய்த வேண்டுதல்களுக்குக் குறைவில்லை. எனினும் அவர் எழுந்து நடமாடவில்லை. அப்படியானால் அவருடைய நம்பிக்கையில் குறை இருந்ததா? அல்லது அவர் நம்பிய கடவுள் கைவிட்டுவிட்டாரா?

இக்கேள்வி ஓர் அம்மையாரின் வரலாற்றோடு முடிந்துவிடுவது அன்று. தீராத நோயோடு போராடும் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் இது எழுகிறது. ‘விசுவாசம் போதவில்லை, அதனால்தான் சுகம் வரவில்லை’ என்ற சொல்லை நோயாளியின் காதுபடவே சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நோயின் வலியோடு குற்றவுணர்வின் பாரத்தையும் அந்த மனிதர் சுமக்க நேர்கிறது. வேறு சிலரோ, மருந்து உண்பதே நம்பிக்கைக் குறைவுக்கு அடையாளம் என எண்ணி, சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடுகின்றனர். ஆகவே, இறைவனின் வல்லமையிலும் பராமரிப்பிலும் நம்பிக்கை வைத்தல் என்று கிறிஸ்தவ சமயம் எதைக் குறிக்கிறது என்பதை அதன் மூல நூல்களிலிருந்தே விளங்கிக்கொள்வது, அச்சமயத்தைச் சேராதவர்களுக்கும் பயன் தரும்.

சொல்லின் வேர்

தமிழ் விவிலியம் ‘விசுவாசம்’, ‘நம்பிக்கை’ என்ற இரு சொற்களையும் வேறுபடுத்தி ஆள்கிறது. பவுல் அடிகள் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என மூன்றையும் தனித்தனியே அடுக்குகிறார். அங்கே நம்பிக்கை என்பது வரவிருப்பதை எதிர்நோக்கும் மனநிலை. விசுவாசம் என்பது ஒருவரைப் பற்றிக்கொண்டு நிற்கும் நிலை. எபிரேய மொழியில் விசுவாசத்தைக் குறிக்கும் ‘எமூனா’ என்ற சொல்லும், ஒவ்வொரு செபத்தின் இறுதியிலும் சொல்லப்படும் ‘ஆமென்’ என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. உறுதி, அசையாமை, நிலைபேறு என்பவை அவ்வேரின் பொருள்கள். புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் உள்ள ‘பிஸ்திஸ்’ என்ற சொல்லும் நம்புதலோடு நம்பத்தக்க தன்மையையும், உண்மை தவறாமையையும் சேர்த்தே உணர்த்துகிறது.

ஆக, விசுவாசம் என்பது இன்ன காரியம் நிச்சயம் நடக்கும் என்று மனத்தை வலிந்து இறுக்கிக்கொள்ளும் பயிற்சியாக மூல நூல்களில் விளக்கப்படவில்லை. ஒருவரின் குணத்தை அறிந்து, அவர்மீது சாய்ந்து நிற்கும் உறவாகவே அது அமைகிறது. குழந்தை தாயின் தோளில் உறங்குவது, தன் நம்பிக்கையின் அளவைத் தானே அளந்து பார்த்த பிறகு அன்று. அதன் கருத்தெல்லாம் தாயின்மேல் இருக்கிறது. விசுவாசத்தின் அளவை ஓயாது சோதித்துக்கொண்டிருக்கும் மனிதர் உண்மையில் இறைவனை நோக்காமல், தம்மையே நோக்கிக்கொண்டிருக்கிறார்.

வாக்குறுதியும் அதன் எல்லையும்

கிறிஸ்தவர்கள் மிகுதியாக மனப்பாடம் செய்திருக்கும் 23ஆம் சங்கீதம், இறைவனை மேய்ப்பனாகச் சித்திரிக்கிறது. பசும்புல்லும் அமைதியான நீரும் அதில் உண்டு. அதே பாடலின் நடுவில் மரண நிழல் படிந்த பள்ளத்தாக்கும் உண்டு. மேய்ப்பன் ஆட்டை அப்பள்ளத்தாக்குக்குள் நுழையவிடாமல் தடுப்பதாக அப்பாடல் சொல்லவில்லை. ஆட்டோடு கூடவே நடப்பதாகத்தான் சொல்கிறது. உடனிருப்பதே அங்கே தரப்படும் வாக்குறுதி.

91ஆம் சங்கீதம் இன்னும் பெரிய பாதுகாப்பைப் பாடுகிறது. கொள்ளைநோயும் அம்பும் தீண்டாது என்கிறது. கால் கல்லில் இடறாதபடி தூதர்கள் தாங்குவார்கள் என்கிறது. ஆனால் நற்செய்தி நூல்களில் இந்தப் பாடலை மேற்கோள் காட்டுபவன் யார் என்பது கவனிக்கத்தக்கது. எருசலேம் ஆலயத்தின் உச்சியில் இயேசுவை நிறுத்தி, கீழே குதித்துக் காட்டும்படி சொல்லும் சாத்தான்தான் இதை எடுத்துச் சொல்கிறான். இயேசு மறுக்கிறார். இறைவனைச் சோதித்துப் பார்ப்பது நம்பிக்கை ஆகாது என்பது அவருடைய பதிலின் சாரம். வேண்டுமென்றே ஆபத்தில் குதித்துவிட்டு, காப்பாற்றுவது கடவுளின் கடமை என்று சொல்வதை அவர் ஏற்கவில்லை.

பழைய ஏற்பாட்டின் தானியேல் நூலில் வரும் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்ற மூன்று இளைஞர்களின் வரலாறு இக்கருத்துக்கு மற்றொரு சான்று. அரசன் நிறுத்திய பொற்சிலையை வணங்க மறுத்ததால் எரிகின்ற சூளையில் எறியப்படவிருந்த அவர்கள், எங்கள் கடவுள் எங்களைக் காப்பாற்ற வல்லவர் என்று அரசனிடம் கூறினர். அதோடு நிறுத்தாமல், அவர் காப்பாற்றாமல் போனாலும் சிலையை வணங்கப்போவதில்லை என்றும் சேர்த்துக்கொண்டனர். கடவுளின் வல்லமையில் அவர்களுக்கு ஐயமில்லை. அவ்வல்லமை தாங்கள் விரும்பும் வழியில்தான் வெளிப்பட வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஆபகூக் என்ற தீர்க்கதரிசியின் நூலும் இவ்வாறே முடிகிறது. அத்தி மரம் துளிர்க்காமல், வயல் விளையாமல், தொழுவத்தில் மாடின்றிப் போனாலும் இறைவனில் மகிழ்வேன் என்று, விளைச்சல் பொய்த்துவிடக்கூடிய நிலையை முன்வைத்தே அவர் பாடுகிறார்.

புதிய ஏற்பாட்டில் பவுல் அடிகளின் அனுபவம் இதைவிடத் தெளிவானது. தம் உடலில் முள்போல் குத்திக்கொண்டிருந்த ஒரு துன்பத்தை நீக்கும்படி மூன்று முறை மன்றாடியதாக அவரே எழுதுகிறார். அது நீங்கவில்லை. மனிதனின் பலவீனத்தில்தான் இறைவனின் பலம் முழுமையாக விளங்கும் என்ற பதிலே அவருக்குக் கிடைத்தது. திருச்சபையை மத்தியதரைக் கடலோரம் எங்கும் பரப்பியவருக்கே கேட்டது கிடைக்கவில்லை என்றால், சுகம் கிடைக்காத ஒருவரின் விசுவாசத்தைக் குறைத்து மதிப்பிட எவருக்கு உரிமை உண்டு?

செபமும் அத்திப்பழ அடையும்

இறைவனை நம்புகிறவர் மனித முயற்சியைக் கைவிட வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. இதற்கு விவிலியம் தரும் விடை நேரடியானது. யூதா நாட்டு அரசன் எசேக்கியா சாகும் நிலையில் படுத்திருந்தான். அவன் அழுது மன்றாட, மேலும் 15 ஆண்டு ஆயுள் தரப்படும் என்ற செய்தியை ஏசாயா தீர்க்கதரிசி கொண்டுவருகிறார். அதே ஏசாயா, அத்திப்பழத்தை அடையாகச் செய்து அரசனின் புண்ணின்மேல் வைக்கவும் சொல்கிறார். கடவுளே வாக்குக் கொடுத்த பின்னும் மருந்து விலக்கப்படவில்லை. இடிந்து கிடந்த எருசலேம் மதிலைக் கட்டியெழுப்பிய நெகேமியா, பகைவர் தாக்க வருகின்றனர் என்று அறிந்ததும் இறைவனிடம் வேண்டிக்கொண்டார். இரவும் பகலும் காவலரையும் நிறுத்தினார். இரண்டும் ஒரே வசனத்தில் இடம்பெறுகின்றன.

பவுல் தம் இளம் உடன்பணியாளர் தீமோத்தேயுவுக்கு, அடிக்கடி வரும் உடல்நலக் குறைவுக்கும் வயிற்றுக்கும் ஏற்றதாகச் சிறிது திராட்சை மது அருந்தும்படி ஆலோசனை சொல்கிறார்; அக்காலத்தில் அது மருந்தாகக் கருதப்பட்டது. மற்றொரு தோழரான துரோப்பீமுவை நோயுற்ற நிலையில் மிலேத்து நகரில் விட்டுவர நேர்ந்ததை எவ்விதக் கூச்சமும் இன்றிக் குறிப்பிடுகிறார். அவருடைய அன்புக்குரிய நண்பர் லூக்கா ஒரு மருத்துவர். தொடக்கக்காலத் திருச்சபையில் நோயும் மருத்துவரும் மருந்தும் விசுவாசத்தோடு முரண்படாமல் இருந்தன என்பதற்கு இவை போதும்.

பிற்கால இறையியலும் இவ்வழியே சென்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தாமஸ் அக்வினாஸ், இறைவன் உலகை நடத்தும்போது படைப்புகளையே தம் கருவிகளாகக் கொள்கிறார் என்று விளக்கினார். மழையும் உழவரும் இன்றி விளைச்சல் இல்லை. எனினும் விளைச்சலுக்காக இறைவனுக்கு நன்றி சொல்வது பொருளற்றதாகிவிடாது. மருத்துவரின் கை வழியே வரும் சுகமும் அத்தகையதே.

1527இல் ஜெர்மனியின் விட்டன்பெர்க் நகரைக் கொள்ளைநோய் தாக்கியது. பல்கலைக்கழகம் வேறு நகருக்கு இடம்பெயர்ந்தது. மார்ட்டின் லூதரோ அங்கேயே தங்கி நோயுற்றோரைக் கவனித்தார். கொள்ளைநோயிலிருந்து தப்பி ஓடலாமா என்ற கேள்விக்கு அவ்வாண்டு அவர் எழுதிய விரிவான மடல், கொரோனா காலத்தில் உலகெங்கும் மீண்டும் பேசப்பட்டது. நோயுற்றோருக்குக் கடமைப்பட்டவர்கள் அவர்களை விட்டு ஓடக்கூடாது என்றார் அவர். அதேவேளையில், மருந்தை ஒதுக்கி, முன்னெச்சரிக்கையை அலட்சியம் செய்து, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று திரிவோர் இறைவனைச் சோதிக்கிறார்கள் என்றும் கண்டித்தார். வீட்டைப் புகையிட்டுத் தூய்மை செய்யுங்கள், தேவையற்ற இடங்களுக்குச் செல்லாதீர்கள் என்பது அவர் கூறிய அறிவுரை. தம்மால் பிறருக்குத் தொற்றிவிடக்கூடாது என்பதும் அவருடைய அக்கறையாக இருந்தது. ஆலய உச்சியில் இயேசு தந்த விடையின் நடைமுறை வடிவம் இது.

முறையீட்டுக்கும் இடமுண்டு

விசுவாசி எப்போதும் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும் என்பதும் தவறான எதிர்பார்ப்பே. சங்கீத நூலின் 150 பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். எத்தனை காலம் என்னை மறந்திருப்பீர் என்று இறைவனிடமே கேட்கும் பாடல்கள் அவற்றில் உண்டு. 88ஆம் சங்கீதம் ஆறுதலான ஒரு வரிகூட இன்றி இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதையும் வழிபாட்டுப் பாடலாகவே யூதரும் கிறிஸ்தவரும் காத்துவந்துள்ளனர். இறைவனிடம் குறை சொல்வது, இறைவன் கேட்கிறார் என்று நம்புகிறவரால்தான் இயலும்.

யோபுவின் நூலில், உன் பாவமே உன் துன்பத்துக்குக் காரணம் என்று நண்பர்கள் விரிவாக வாதிடுகின்றனர். இறுதியில் இறைவன் கடிந்துகொள்வது அந்த நண்பர்களை. தம்மைப் பற்றிச் சரியானதைப் பேசியவன் யோபுவே என்கிறார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு, இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு மறுத்தார். அவரும் கெத்சமனே தோட்டத்தில், தமக்கு வரவிருந்த துன்பம் நீங்கும்படி வியர்வை சிந்த வேண்டினார். அது நீங்கவில்லை. கைவிடப்பட்ட துயரத்தோடு சிலுவையில் கதறவும் செய்தார். இறைமகனாகக் கிறிஸ்தவர்கள் வழிபடுகிறவருக்கே இவ்வனுபவம் நேர்ந்தது என்பதால்தான், துன்பம் வருவதைக் கைவிடப்பட்டதற்கான சான்றாக அச்சமயம் கொள்வதில்லை.

நல்லவரான, எல்லாம் வல்ல கடவுள் இருக்கையில் இத்தனை துன்பம் ஏன் என்ற கேள்விக்கு இது முழு விடை ஆகுமா? ஆகாது. யோபுவுக்கும் காரணம் சொல்லப்படவில்லை. ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்துச் சிறைப்பட்டு, 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிச் போன்ஹோஃபர், துன்புறும் கடவுளால்தான் மனிதனுக்கு உதவ முடியும் என்ற கருத்தைச் சிறையிலிருந்து எழுதிய மடலில் பதிவு செய்தார். காரணங்களை விளக்கும் கடவுளைவிட, துன்பத்துக்குள் இறங்கி வந்த கடவுளையே கிறிஸ்தவம் முன்வைக்கிறது. இவ்விடையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. ஆனால் அச்சமயம் உண்மையில் சொல்வது இதுவே என்பதை அறிந்து பேசுவது நேர்மை.

அற்புத சுகம் நிகழ்வதே இல்லை என்று கிறிஸ்தவம் கூறுவதாகவும் இதைப் பொருள்கொள்ளக் கூடாது. நற்செய்தி நூல்கள் இயேசு குணமாக்கிய நிகழ்ச்சிகளால் நிறைந்தவை. நோயுற்றோருக்காக வேண்டுவது எல்லாத் திருச்சபைகளின் வழக்கம். அதைக் கொடையாகப் பெறலாமே தவிர, விசுவாசத்துக்கு உரிய கூலியாகக் கேட்டு வாங்க இயலாது என்பதே வேறுபாடு.

பராமரிப்பின் கணக்கேடு

இந்த நம்பிக்கையை நிறுவனமாக நடத்திக் காட்டியவர்களில் ஒருவர் ஜார்ஜ் முல்லர். பிரஷ்யாவில் 1805இல் பிறந்து, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836இல் அநாதைக் குழந்தைகளுக்கான இல்லத்தைத் தொடங்கினார். 1898இல் அவர் மறைவதற்குள் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் அவ்வில்லங்களில் வளர்ந்தனர். எவரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்பது அவர் வகுத்த விதி. கடன் வாங்குவதில்லை, வந்த ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதி ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிடுவது என்பவையும் அவ்விதியோடு இணைந்திருந்தன. அந்த அறிக்கைகளே மறைமுகமான வேண்டுகோள்கள் ஆகாவா என்று கேட்பதில் நியாயம் உண்டு. எனினும் இறைவனை நம்புவது என்பது, கணக்கையும் உழைப்பையும் ஒழுங்கையும் விட்டுவிடுவதாக அவருக்குத் தோன்றவில்லை என்பது தெளிவு.

முல்லர் வகுத்த இவ்வழியையே ஏமி அம்மையாரும் டோனாவூரில் பின்பற்றினார். குழந்தைகளுக்குப் பாலும் உணவும் இறைவன் தருவார் என்று நம்பிய அவர், மருத்துவமனையும் வேண்டும் என்று விரும்பினார். டோனாவூரில் அவர் காலத்திலேயே எழுந்த அம்மருத்துவமனைக்குப் ‘பரம சுக சாலை’ என்று பெயர். விண்ணிலிருந்து வரும் சுகம் என்ற பொருள் தரும் அப்பெயரின்கீழ் மருத்துவர்களும் செவிலியரும் பணியாற்றினர். அவருடைய இறையியலை அப்பெயர்ப்பலகை ஒன்றே விளக்கிவிடும்.

அந்த மருத்துவப் பணியின் பொருட்டுச் சென்ற வழியில்தான் அவர் விழுந்தார் என்பது கசப்பான உண்மை. அவர் அதற்கு மெருகு பூசவில்லை. நலமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் நூல்கள், வலியில் கிடப்பவரைச் சென்று சேர்வதில்லை என்பதைத் தம் படுக்கையில் உணர்ந்தார். ஆகவே, நோயாளி ஒருவர் நோயாளிகளுக்கு எழுதும் மடல்களாக ஒரு நூலை 1933இல் வெளியிட்டார். அடுத்தடுத்தும் எழுதினார், குழந்தைகளோடும் ஊழியரோடும் அவ்வறையிலிருந்தே உறவாடினார். எந்தக் கொடுமையிலிருந்து சிறுமியரைக் காக்க அவர் தம் பணியைத் தொடங்கினாரோ, அந்தப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி உள்ளிட்டோரின் நெடிய போராட்டத்தின் விளைவு அது. அச்செய்தி வந்தபோதும் அவர் படுக்கையில்தான் இருந்தார்.

இன்றைக்கு வேண்டியது

நம் அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சமய உரிமையை வழங்கும்போதே, அது பொது ஒழுங்கு, அறநெறி, உடல்நலம் ஆகியவற்றுக்கு உட்பட்டது என்கிறது. மந்திர சக்தியால் நோய் தீரும் என விளம்பரப்படுத்துவதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 1954இல் இயற்றப்பட்டு நடைமுறையில் உள்ளது. சட்டம் விளம்பரத்தைத் தடுக்கலாம். நோயாளியின் கட்டிலருகே சொல்லப்படும் சொல்லைத் தடுக்க இயலாது. அப்பொறுப்பு சபைத் தலைவர்களுக்கும் உறவினர்களுக்கும் உரியது. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் போதகரை, அத்திப்பழ அடையை வைக்கச் சொன்ன ஏசாயாவைக் காட்டியே கேள்வி கேட்கலாம். உன் விசுவாசம் போதவில்லை என்போருக்கு யோபுவின் நண்பர்களை நினைவூட்டலாம். வெளியிலிருந்து வாதங்களைத் தேட வேண்டிய அவசியம் இல்லை. அவர்கள் கையிலிருக்கும் நூலே போதும்.

நோயாளிக்கு நாம் செய்யக்கூடியதும் அந்நூலிலேயே இருக்கிறது. யோபுவின் நண்பர்கள் வாய் திறப்பதற்கு முன், ஏழு நாட்கள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தனர். அவர்கள் செய்தவற்றுள் சரியானது அது ஒன்றுதான். மருந்துக்கு நேரமாயிற்று என்று நினைவூட்டுவதும், இரவில் துணைக்கு உட்கார்வதும், சிகிச்சைச் செலவைப் பகிர்ந்துகொள்வதும் இறைப் பராமரிப்பு மனிதர் வழியாக வந்து சேரும் வழிகள்.

தம் கல்லறையில் பெயர் பொறித்த கல் எதுவும் வைக்கக்கூடாது என்று ஏமி அம்மையார் கேட்டுக்கொண்டார். அவர் வளர்த்தவர்கள் அவ்விடத்தில் பறவைகள் நீர் அருந்தும் கல்தொட்டி ஒன்றை வைத்தனர். அதில் பொறிக்கப்பட்டிருப்பது ‘அம்மா’ என்ற ஒரு சொல் மட்டுமே. எழுந்து நடக்கும் சுகத்தை அவர் பெறவில்லை. இறைவன் தம்மைப் பராமரிக்கிறார் என்று அவர் நம்பியதை, அவரால் பராமரிக்கப்பட்டவர்கள் அச்சொல்லால் உறுதிப்படுத்தினர்.